பக்கத்துத் தட்டு

இளைய மருமகளின் கை மறுபடியும் மூத்தவளின் தட்டுக்குள் போனது. பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அடியே, உன் தட்டுல இல்லாததா அங்க இருக்கு?” என்றார் மாமியார்.

“அக்கா தட்டுல இருந்து எடுத்தாத்தான் அத்தை ருசி.”

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வருடக் கடைசி விடுமுறைக்கு இரண்டு மகன்களும் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். விடியும் முன்னே எழுந்து மாமியார் ஒற்றை ஆளாகச் சமைத்த விருந்து.

மூத்தவளும் சிரித்தாள். உள்ளுக்குள் ‘அப்பாடா’ என்றிருந்தது.

அவளால் நாலு ஸ்பூனுக்கு மேல் சாப்பிட முடியாது. ஐந்து மாதத்துக்கு முன்னால், ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவள். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வாய் கூடிவிட்டால் போதும், நெஞ்சில் நின்று அப்படியே திரும்பி வரும்.

ஆனால் அந்த வீட்டில் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு யாரும் எழுந்ததில்லை. மாமியார் தன் கையால்தான் போடுவார். போதும் என்று குறுக்கே கை நீட்டினால் கையின் மேலேயே போடுவார்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கே சொல்வது! போன வருஷம் வரை இதே மேஜையில், “பார்த்து உட்காரும்மா, நாற்காலி புதுசு” என்று அவளைக் கிண்டல் செய்தவர்கள், இளைத்து வந்ததும் வாயைப் பிளந்தார்கள். “தினமும் நடந்தேன், வாயைக் கட்டினேன்” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். மாமியார் அதை உறவு முழுக்கப் பரப்பிவிட்டார். கிடைத்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

“மூத்தவளைப் பாரு, முப்பது கிலோ குறைச்சிருக்கா!” என்று இளையவளைப் பார்த்து ஆரம்பித்தார் மாமியார். “அவளும் உன்னை மாதிரிதான் இருந்தா. நீயும்தான் இருக்கியே.”

“இவ தையல் கடையில உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்றதே இல்லம்மா” என்றான் இளையவளின் கணவன். “எங்க மளிகைக்காரர் என்னை எங்க பார்த்தாலும் எழுந்து நின்னு வணக்கம் வைக்கிறார். எல்லாம் இவ புண்ணியம்.”

மறுபடியும் சிரிப்பு. இளையவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டே மூத்தவளின் தட்டிலிருந்து முட்டையை எடுத்தாள்.

கடைசியாக இனிப்பு வந்தது. “இன்னைக்கு ஒரு நாள் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது” என்று மூத்தவளின் தட்டில் மூன்று துண்டுகளை வைத்தார் மாமியார். மூத்தவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

மூன்று துண்டையும் அள்ளிக்கொண்டாள் இளையவள்.

மாமியார் அவள் கையில் சுளீரென்று ஒன்று வைத்தார்.

“பறக்காவெட்டி! வெட்கமா இல்ல உனக்கு? அஞ்சு மாசமா வாயைக் கட்டினவ, இன்னைக்குத்தான் ஆசையா ஒரு வாய் சாப்பிடுறா. அதையும் பிடுங்கித் திங்கிறியே!”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இளையவள் தலையைக் குனிந்துகொண்டு மூன்றையும் மென்று விழுங்கினாள்.

மாமியார் மூத்தவளிடம் திரும்பினார். “நீயாவது இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு.”

“அதுக்கெல்லாம் ஒரு வைராக்கியம் வேணும் அத்தை” என்றாள் மூத்தவள். “எல்லாருக்கும் வந்துடாது.”

சாப்பாடு முடிந்து மூத்தவள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே இளையவள் ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி தொட்டிமேல் சாய்ந்து நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர். மூச்சு முட்டியது.

“ஏன் இப்படி அடங்காம தின்னுட்டு, எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்கிக்கறே?” என்றாள் மூத்தவள்.

இளையவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் உங்க தொளதொள துணியெல்லாம் பிடிச்சுத் தைச்சுத் தரச் சொன்னீங்கல்ல அக்கா? அளவெடுக்கும்போது பார்த்தேன். வயித்துல அஞ்சு சின்னத் தழும்பு. கடைக்கு வர்ற டீச்சரம்மா வயித்தைச் சின்னதாக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, அவங்களுக்கும் அதே இடத்துலதான் இருக்கு. ஒரு வாய் அதிகமா போனா என்ன பாடுன்னு அவங்க சொல்லியிருக்காங்க.”

மூத்தவள் சட்டென்று வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க, யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“நீ... வேணும்னே எடுத்தியா?”

“குண்டா இருக்கறவ அள்ளித் தின்னா, ஏன்னு யாரு சந்தேகப்படப் போறாங்க அக்கா?” இளையவள் சிரிக்க முயன்றாள். ஏப்பம்தான் வந்தது. “நாளைக்குச் சித்தப்பா வீட்டு விருந்துலயும் என் பக்கத்துலயே உட்காருங்க.”

மூத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமாக இருந்தது. இளையவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதே போய் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வாசலில் மாமியார் வந்து நின்றார். “என்ன, புத்தி சொன்னியா? இவ மண்டையில ஏதாவது ஏறுச்சா?”

மூத்தவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

“சொல்லிட்டேன் அத்தை. இனிமே அளவா சாப்பிடுறேன்னு சொல்லியிருக்கா.”