ஒருவர் பார்க்கிறார்

படம் ஓட ஆரம்பித்து இவ்வளவு நேரமாகியும் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அதே வரிதான்: ஒருவர் பார்க்கிறார்.

மதன்குமாருக்கு அந்த ஒருவர் போதும். அது மகாலட்சுமிதான். வேறு எந்த மகராசன் வரப்போகிறான்?

சின்னமனூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன், முன்னூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரச் சங்கீதத்தைப் படம் பிடித்து ஆன்லைனில் ஓட்டினால் ஊர் சிரிக்காதா? "செவிடன் காதுல சங்கு ஊதுற மாப்ள" என்று கூட்டாளி செல்வமணி லிங்க்கைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான்.

சிரிக்கட்டும். இவ்வளவு பாடுபடுவதும் பெண்டாட்டி ஒருத்திக்காகத்தான்.

மேகமலை சர்ச்சில் பரோக் என்னும் அந்தப் பழைய சங்கீதக் கச்சேரியைப் படமெடுத்தபோது மகாவும் துணைக்கு வந்திருந்தாள். லைட் பிடித்து நின்றவள், வயலின் இறங்கி இறங்கி வந்த ஓரிடத்தில் விசும்பிவிட்டாள். அது மைக்கில் விழுந்துவிட்டது. கச்சேரி முடிந்ததும் அத்தனை பேர் முன்னால் அவளைக் கிழி கிழியென்று கிழித்தான், மடையன்.

அவள் மலை இறங்கி நேரே கூடலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள்தான். போன் செய்தாலும் எடுப்பதில்லை. படத்தின் லிங்க்கை மட்டும் அவளுக்கு அனுப்பிவைத்திருந்தான்.

படத்தை எடிட் செய்தபோது அந்த விசும்பலில் மட்டும் அவன் கை வைக்கவில்லை. அதைக் கேட்டால் மகாவுக்குப் புரிந்துவிடும்.

வயலின் இறங்கியது. இதோ, விசும்பல். வந்தது, போயிற்று.

படத்துக்குக் கீழே அவசர அவசரமாக டைப் அடித்தான்: "கேட்டுச்சா மகா? தப்பு எம்மேலதான். வந்துரு."

பதிலுக்காகச் சும்மா காத்திருக்க முடியாமல் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினான்.

கேமரா பையில் சாய்ந்தபடி அவனுடைய பழைய போன். அதிலும் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே, அவன் அடித்த வரி.

அடக் கடவுளே. ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, எப்போதும் போல ஆரம்பத்தில் அவனே திறந்து வைத்ததுதான். எதிரொலிக்குமே என்று சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தும் வைத்திருந்தான்.

அதை அணைத்தால் பார்க்க ஆளே இல்லை.

அணைக்கவில்லை. கம்ப்யூட்டரின் சத்தத்தை நிறுத்திவிட்டு, போனில் கூட்டினான்.

நெட்டில் சுற்றி வருவதால் போனில் எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் வரும். வயலின் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, அந்த அறையில் மகா விசும்பினாள்.