அஞ்சுகத்தின் கதவு

வீடற்ற குடும்பங்களுக்கான அந்த இடைக்கால வீடுகளில் கதவுக்குச் சாவி கிடையாது. குடியிருப்பவர் தன் குரலில் "திற" என்று சொன்னால்தான் திறக்கும். ஆறு மாதம் மட்டுமே தங்க வந்தவர்களுக்கும் அதே விதிதான்.

அஞ்சுகமும் மகள் தேன்மொழியும் ஒன்பது வருடம் பாலத்தடியில் இருந்தவர்கள். அங்கே விடிவதற்கு முன், அம்மா பிடிக்கும் புடவை மறைவில்தான் தேன்மொழி குளிப்பாள்.

குடிவந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் நான்கு விருந்தினர்களோடு வந்து, "திற" என்றார். கதவு அசையவில்லை. உடன் வந்திருந்த, குடும்பங்களுக்கு உதவும் பணியாளர் ஷகிலாவிடம், "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"எனக்கும் திறக்காது சார். அவங்கதான் சொல்லணும்."

"யாருங்க?" என்று உள்ளிருந்து அஞ்சுகம் கேட்டாள்.

அதிகாரி தன் பதவியைச் சொன்னார்.

"பொண்ணு குளிக்குது சார். முடிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் அங்கயே நில்லுங்க."

சொல்லிவிட்டு அஞ்சுகம் கதவருகிலேயே நின்றாள். யாராவது போகச் சொன்னால் மூட்டையோடு எழுந்து போய்த்தான் அவளுக்குப் பழக்கம். ஆனால் வெளியே அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "யாரும்மா வந்திருக்காங்க?"

"நம்ம வீட்டப் பாக்க வந்திருக்காங்க. நீ நல்லா தேய்ச்சுக் குளி, அவசரமில்ல" என்றாள் அஞ்சுகம்.