கெம்பனின் கல்

பனிமலைப் போரில் இறந்த கெம்பனின் உடல் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்காரர்கள் வந்து, காட்டுக்குள் அவன் பிறந்த பழங்குடிக் குடியிருப்பில், அவன் பெயர் பொறித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அவன் மனைவி மாதி தினமும் அதைக் கழுவித் துடைப்பாள். குளிர் நாட்களில் கம்பளி போர்த்திவிடுவாள். பிறகு அந்தக் காடு புலிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. குடிசைகளைப் பிரித்து, மக்களைக் கீழே சாலையோரம் குடிவைத்தார்கள். கல் மட்டும் உள்ளேயே நின்றது.

கெம்பனின் நினைவு நாளன்று மலர்வளையத்தோடு ஒரு பட்டாளத்து ஜீப் வந்தது. சோதனைச் சாவடியில் மாதி குறுக்கே போய் நின்றாள்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க சார். கல்லைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க.”

“உங்காளுங்களை உள்ள விட உத்தரவு இல்லம்மா. உனக்கும் சேத்து நாங்க மரியாதை பண்ணிடறோம்” என்றார் அதிகாரி.

வெயில் சாயும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த அதிகாரி இறங்கி, தன் போனை அவளிடம் நீட்டினார். படத்தில் அவரும் மற்றவர்களும் கேமராவைப் பார்த்துத் தோளோடு தோள் ஒட்டி நின்று சல்யூட் வைத்திருந்தார்கள்.

“கல்லு எங்கீங்க?”

“எங்களுக்குப் பின்னாடிதாம்மா இருக்கு.”

மாதி படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாமுங்க சார்.”