உள்பக்கம் திறக்கிற கதவு

கதவை மாட்டி முடித்த பிறகுதான் தச்சருக்குப் பயம் வந்தது.

“வெளிப்பக்கமா திறக்கணும்னு இன்ஸ்பெக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களே. நீங்க உள்பக்கமா மாட்டி வெச்சிருக்கீங்க. தாழ்ப்பாள் வேற,” என்றார் பெயின்டர்.

“தெரியும்யா. தெரிஞ்சுதான் மாட்டினேன்.”

இன்ஸ்பெக்டரம்மா என்பது வேலையாட்கள் வைத்த பெயர். வீட்டுக்காரரின் மனைவி. லாரியிலிருந்து மரக்கதவுகள் இறங்கிய நாள் முதல் வந்து தலைமேல் நிற்கிறாள். பூச்சு காயாத அறையில் ஒரு கதவைப் பார்த்துவிட்டால் போச்சு. சுவரில் சாய்த்து வைத்திருந்தாலும் போச்சு. “ஈரம் குடிச்சா உப்பிடும், சாய்ச்சா வளைஞ்சிடும். கீழே கட்டை போட்டுப் படுக்க வைங்க” என்று தச்சருக்கே தச்சு வேலை சொல்லிக் கொடுப்பாள். அவள் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். நாத்தனாரின் அறையை ஒட்டிய பாத்ரூமுக்கு அவள் போட்ட கட்டளைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம். உள்ளே தாழ்ப்பாளே கூடாதாம்.

கல்யாணமாகாத, வேலைக்குப் போகிற பெண். பாத்ரூமில் உட்கார்ந்து யாருடனோ போன் பேசுகிறாள் என்று அண்ணிக்குச் சந்தேகம், அதனால்தான் இந்தக் காவல் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

வீட்டுக்காரரின் அம்மாவே வந்து தச்சரிடம் புலம்பினார்.

“என் பொண்ணுக்கு ஒரு தாழ்ப்பாள்கூடக் கிடையாதாப்பா? அவ சொல்றதை விடு. ஊர் உலகத்துல எப்படி மாட்டுவாங்களோ அப்படி மாட்டு.”

தச்சருக்கும் அதே வயதில் ஒரு மகள் உண்டு. இன்ஸ்பெக்டரம்மா வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து நிலையை நிறுத்தி, சுற்றிலும் பூசவைத்து, கதவையும் மாட்டிவிட்டார். மாட்டும்போது இருந்த வீரம் இப்போது இல்லை. மாடிக்கு வேண்டிய கதவுகள் இன்னும் அடுக்கியபடியே கிடக்கின்றன. அந்த வேலையும் கை நழுவிப் போகுமோ என்று பயந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வாசலில் கார் வந்து நின்றது. அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

அண்ணி நேராக வந்து கதவைத் தள்ளினாள். அது உள்ளே போனது. அவள் முகம் வெளிறிவிட்டது. கத்துவாள் என்று காத்திருந்த தச்சருக்கு, கத்தாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

“இன்னிக்கே மாத்திடுங்க.”

“நிலையைப் பெயர்த்துத் திருப்பணும்மா. பூச்செல்லாம் உடையும்.”

“உடையட்டும். நாளைக்குக் குடி வரோம்.”

“வெளியே திறந்தா ரூமுக்குள்ள தண்ணி சொட்டும்மா.”

“நான் துடைச்சுக்கறேன்.”

ஆனது ஆகட்டும் என்று தச்சர் வாயைத் திறந்தார்.

“மன்னிக்கணும்மா. நானும் பொண்ணைப் பெத்தவன். வயசுப் பொண்ணைக் காவல் காக்கறதுக்கு நான் கதவு மாட்ட மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க.”

பெயின்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவினார்.

“என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்குங்க. வேற ஆள் தேட நேரமில்ல. இந்தக் கதவு மட்டும் வெளிப்பக்கம் திறக்கணும்,” என்றாள் அண்ணி. கும்பிடாத குறைதான். அதற்கு மேல் நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

நாத்தனார் மட்டும் அங்கேயே நின்றாள்.

“பயப்படாதேம்மா. தாழ்ப்பாளைக் கழட்ட மாட்டேன்,” என்றார் தச்சர், கொஞ்சம் பெருமையாகவே.

“கழட்டிடுங்கண்ணே.”

“ஏம்மா, மிரட்டி வெச்சிருக்காங்களா?”

அவள் பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“எனக்கு வலிப்பு வரும்ணே. போன மாசம் வாடகை வீட்டு பாத்ரூம்ல விழுந்துட்டேன். அண்ணி தாழ்ப்பாளை உடைச்சும் கதவு திறக்கல. நான் குறுக்கே கிடந்தேன். அவங்க தள்ளத் தள்ள என் தலையிலதான் இடிச்சிருக்கு.”

முடியை விலக்கிக் காட்டினாள். தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

தச்சர் கீல்களைக் கழற்றினார். கதவை இறக்கிக் கட்டைகளின் மேல் படுக்க வைத்துவிட்டு, உளியை எடுத்து நிலையைச் சுற்றியிருந்த பூச்சை உடைக்க ஆரம்பித்தார்.

“வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதாம்மா? உங்க அண்ணி பேரு இப்படி நாறுதே.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா வேலைக்கே விட மாட்டாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

“அதுக்காக எத்தனை நாளைக்கு இவங்க திட்டு வாங்கறது?”

“நானும் கேட்டேன்ணே. ‘எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும், அதுவரைக்கும் உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க’ன்னு சொல்லிட்டாங்க.”