போணி

குதிகாலை உள்ளே தள்ளி, நாடாவை இழுத்துக் கட்டினாள்.

தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் பாதம் அவள் முழங்கால் மேல் இருந்தது. இது ஐந்தாவது ஜோடி ஷூ.

நடந்து பாருங்க சார் என்றாள்.

தாலுகா ஆபீஸ் கிளார்க். நடந்தார். கண்ணாடியில் காலைப் பார்த்தார். குதித்தும் பார்த்தார்.

மணி ஒன்றரை. இன்னும் போணி ஆகவில்லை. நேற்றும் ஆகவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே புருஷனிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்கு முதல் வியாபாரம் என்று ஒன்று ஆனால் கடை இருக்கும். இல்லையென்றால் சாயங்காலம் கட்டடக்காரரிடம் சாவியை நானே கொடுத்துவிடுகிறேன். அவரும் பெரிய ஷோரூமுக்கு விட ஆள் பார்த்து வைத்துக்கொண்டு வாசலையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

ராசகுரு சரி என்று தலையாட்டினான். மூடிவிடலாம் என்று எட்டு மாதமாக நச்சரிக்கிறவனே அவன்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முதலில் பஸ் ஸ்டாண்டைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைத்தார்கள். பிறகு சாக்கடை கட்டுகிறோம் என்று பஜார் நெடுகத் தோண்டிப் போட்டார்கள். தோண்டத் தெரிந்த மகராசன்களுக்கு மூடத் தெரியவில்லை. இப்போது பள்ளத்தைத் தாண்டிவர கடைக்கு ஒரு பலகை. சர்க்கஸ்காரன்தான் வரவேண்டும் செருப்பு வாங்க.

அந்தப் பலகை மேல் நடந்து ஒருவர் வந்துவிட்டார். அதனால்தான் ஐந்து ஜோடியையும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டாள்.

கிளார்க் ஷூவைக் கழற்றினார். கவிழ்த்து, அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தார்.

"எட்டு சரியா இருக்கு. எட்டே போட்டுரு."

மறுமுனையில் அவர் வீட்டுக்காரம்மா. எதைப் போடச் சொல்கிறார் என்று புரிய இவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆர்டர்.

ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. போனில் இருநூறு ரூபாய் குறைவு, அளவுதான் குழப்பமாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். அதே விலைக்குத் தருகிறேன் என்றாள். முதல் வியாபாரம் சார் என்றாள். வாய்விட்டுக் கேட்டாள். ஆர்டர் போயாச்சேம்மா, நாளை மறுநாள் வீட்டுக்கே வந்துவிடும் என்றார்.

அவள் இன்னும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.



பத்தொன்பது வருஷம். ஊரில் பாதிப்பேர் காலை அவள் தொட்டிருக்கிறாள். கால் ஆணி, பித்தவெடிப்பு, சேற்றுப்புண். எதற்கும் அருவருத்ததில்லை. வாங்க வருகிறவர் காலைத் தொடுவது தொழில். வாங்கப் போவதே இல்லாதவர் அவளைக் குனிந்து நாடா கட்ட வைத்தது எந்த ஊர் நியாயம்?

அவர் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு பலகையில் கால் வைத்தார்.

பலகை ஆடியது. ஆள் விழவில்லை. இடதுகால் செருப்பு மட்டும் கழன்று சாக்கடைக்குள் போனது.

நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு ரப்பர் செருப்பு எடும்மா, எதுவானாலும் சரி என்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

ராசகுரு கல்லாவை விட்டு எழுந்தே விட்டான். ஆணியில் தொங்கிய எட்டாம் நம்பரை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அவள் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"நாளான்னைக்கு வந்துரும்ல சார். அதைப் போட்டுக்கங்க."

கிளார்க் ராசகுருவைப் பார்த்தார். ராசகுரு தரையைப் பார்த்தான்.

மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் வாசலில் உதறிவிட்டு அவர் தெருவில் இறங்கினார். சித்திரை வெயில். தார் ரோடு. தத்தித் தத்திப் போனார்.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. கடை போனால் போகட்டும். சாவியை நிமிர்ந்து நின்று கொடுக்கலாம்.

திரும்பினாள். ஆணியில் செருப்பு இல்லை. கல்லாவில் ஆளும் இல்லை.

ராசகுரு பலகை மேல் ஓடிக்கொண்டிருந்தான்.

மூடு மூடு என்றவன். கடைக்குள் செருப்புப் போடாதவன், அதே வெறுங்காலோடு, பஜாருக்கே கேட்கும்படி சார் சார் என்று கத்திக்கொண்டு ஓடினான்.

மருந்துக்கடை நிழலில் அவரைப் பிடித்துவிட்டான். குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தான். அந்த மனிதர் விரலை மடக்கி நீட்டிப் பேரம் பேசினார். ராசகுரு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மானங்கெட்ட மனுஷா என்று அவளுக்கு வாய் வரை வந்தது.

ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. இந்த எட்டு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"போணி ஆயிருச்சு, செல்வி."

அவன் பலகையைத் தாண்டுவதற்குள் அவள் சாவியும் கையுமாக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.