கோல்கீப்பர் எங்கே தேறுவான்?

வில்லியனூர் ஹாக்கி டீமிலிருந்து செல்லப்பனைக் கழற்றிவிட்டான் காப்டன் மணவாளன். மீசை அரும்பும் வயசில் அப்படி ஒரு கோல்கீப்பரை சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சேர்ந்த அந்தக் கொம்யூனே பார்த்ததில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். மணவாளனின் மச்சான் நாகராஜன் அக்கா வீட்டில் வந்து டேரா போட்டிருந்தான். நின்றால் கோல் முன்னால்தான் நிற்பேன் என்று அடம். மணவாளனின் மனைவி வள்ளியம்மாள் தம்பி கட்சி. முதலில் ரசத்தில் உப்பு போனது. பிறகு ரசமே போனது. மணவாளன் இறங்கி வந்துவிட்டான்.

செல்லப்பனைக் கூப்பிட்டு, காட்டேரிக்குப்பம் டீமில் ஆள் குறைகிறதாம், அங்கே போய் ஆடு என்றான். காட்டேரிக்குப்பம் இதுவரை யாரையும் ஜெயித்ததில்லை. பையனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டான் என்று சந்தையில் காதுபடவே பேசினார்கள். செல்லப்பன் மறுபேச்சில்லாமல் போனதுதான் மணவாளனை இன்னும் குடைந்தது.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் அந்த இரண்டு டீமுக்கும் மாட்ச். பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, கடலூர் டீம் மானேஜர் சூசைநாதன் வந்திருந்தார். நல்ல பையன் கிடைத்தால் கையோடு கூட்டிப் போவார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்தச் சீமையில் எல்லாரும் கால்பந்தைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாக்கிக்காரன் முன்னுக்கு வர கடலூர்தான் வழி.

பந்து பூராவும் காட்டேரிக்குப்பத்தின் கோல் பக்கமே சுற்றியது. செல்லப்பன் மட்டையால் தடுத்தான், காலால் தடுத்தான், ஒருமுறை நெஞ்சைக் கொடுத்தும் தடுத்தான். எதிர்ப்பக்கம் நாகராஜனுக்கு வேலையே இல்லை. கடைசியில் ஒரே ஒரு பந்து அவனைத் தேடி உருண்டு வந்தது. அவன் அப்போது வேடிக்கை பார்க்க வந்த அக்காவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். காட்டேரிக்குப்பம் ஜெயித்துவிட்டது.

சூசைநாதன் நேரே செல்லப்பனிடம் போனார்.

"காலையில என்னோட ரயில் ஏறிடுப்பா. ஆமா, இப்பேர்ப்பட்ட ஆளு இந்த டீமுக்கு எப்படி வந்தே?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. மணவாளன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்தான். வெளியூர்க்காரர் முன்னால் மானம் கப்பலேறப் போகிறது.

செல்லப்பன் உரக்கவே சொன்னான்: "மணவாளன் அண்ணந்தாங்க அனுப்புனாரு. ஜெயிக்கற டீமுல நின்னா கோல்கீப்பர்கிட்ட பந்தே வராதுடா, தோக்கற டீமுல நின்னாத்தான் தேறுவேன்னாரு."

மணவாளன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. சூசைநாதன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி யோசிக்கிற காப்டனை நான் கண்டதில்லை என்றார். சந்தையில் ஏசிய அதே ஆட்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். தூக்கினவர்கள் எப்போது இறக்கிவிடுவார்கள் என்றிருந்தது அவனுக்கு.

வீட்டுக்குப் போனால், வள்ளியம்மாள் தம்பியின் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரான் புள்ளைக்கின்னா மட்டும் யோசன வருதா உங்களுக்கு? எந்தம்பி இங்கியே நின்னு வீணா போவணுமா? செல்லப்பன் கடலூரு போயிட்டா காட்டேரிக்குப்பத்துல எடம் காலிதான?"

மறுநாள் காலை மணவாளன் ஸ்டேஷனுக்கு ஓடினான். செல்லப்பன் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க மணவாளனுக்குக் கூசியது.

"நான் பண்ணதுக்கு நீ காறித் துப்பியிருக்கணும். எதுக்குடா என்னக் காப்பாத்துன?"

செல்லப்பன் சிரித்தான்.

"உன்ன யாருண்ணே காப்பாத்துனது? அண்ணி காதுல விழட்டும்னு சொன்னேன். நம்ம டீமு பொழைக்க வாணாமா?"