பென்சில் கோட்டுக்கு வெளியே

மருத்துவர் மினோபே தரையில் மண்டியிட்டு, வெள்ளைத் தாளில் நிற்கும் அம்மாவின் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கிறார். ஜன்னலில் பனியின் வெளிச்சம். பெருவிரலுக்கு அடியில் புடைத்த எலும்பருகே பென்சில் மெதுவாக வளைகிறது. அங்கே தோல் சிவந்து பளபளக்கிறது. வெந்நீர் ஊற்று விடுதியில் இருபது வருடமாக மண்டியிட்டு விருந்தினருக்குக் கதவு திறக்கும் கால் அது. "இந்த எலும்ப வெட்டிச் சரிபண்ணினா மறுபடி எப்போ மண்டி போடலாம், டாக்டர்?" என்கிறாள் அம்மா. "நாலு மாசமாவது ஆகும். உங்க தாபியக் காட்டுங்க." பெருவிரலுக்குத் தனியிடம் விட்டுத் தைத்த அந்த வெள்ளைத் துணிக்காலுறையை, காலை நகர்த்திவிட்டு, அம்மா தாளின் மேல் வைக்கிறாள். பென்சில் கோடு அதற்கு வெகுவாக வெளியே ஓடுகிறது. "ஒரு அளவு சின்னதாத்தான் வாங்குவோம். துணியில சுருக்கம் விழுந்தா, கூட வேலை செய்யறவளுங்க சிரிப்பாளுங்க." "பெரிசு போட்டுப் பாருங்க. வலி குறையலேன்னா வெட்டலாம்." அம்மா அவர் காலைப் பார்க்கிறாள். சாக்ஸ் கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது. "உங்களப் பாத்து யாராச்சும் சிரிச்சிருக்காங்களா?" "என் பொண்டாட்டி மட்டும்." அம்மா பென்சிலை வாங்கி, பாதக்கோட்டுக்குள் தன் அளவுக்கு அடுத்த எண்ணை எழுதுகிறாள். பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, தாளின் மேல் மறுபடி காலை வைத்து விரல்களை மெல்ல விரிக்கிறாள்.